இங்கிலாந்துப் பள்ளிகளில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு உதவியாளர் ஒதுக்கப்படுவது எப்படி: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

சிறப்புக் கல்வித் தேவையுள்ள பிள்ளைகள் இத்தனை பேர் இருந்தால் இத்தனை உதவியாளர்களை வைத்திருக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் பொதுப் பள்ளிகளுக்கு எந்தச் சட்டமும் கணக்கு வகுக்கவில்லை. ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளின் வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு 30 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு உண்டு. ஆனால் டீச்சிங் அசிஸ்டன்ட் எனப்படும் வகுப்பறை உதவியாளருக்கு அப்படி ஒரு விகிதம் கிடையாது. ஆகவே, "என் பிள்ளைக்கு டி.ஏ. ஒருவரை அரசாங்கம் தர வேண்டுமல்லவா" என்ற கேள்வியோடு பள்ளிக்குப் போகிறவர்களுக்குத் தெளிவான பதில் கிடைப்பதில்லை. அரசாங்கம் ஆளைத் தருவதில்லை. அது பள்ளிக்குப் பணத்தைத் தருகிறது, பள்ளி அந்தப் பணத்தைக் கொண்டு ஆளை வைக்கிறது. குறிப்பிட்ட ஒரு பிள்ளைக்குக் குறிப்பிட்ட அளவு உதவி கிடைத்தே தீர வேண்டும் என்று யாரையாவது கட்டிப்போடக்கூடிய ஒரே ஆவணம் ஈஎச்சிபி என்று எல்லோரும் அழைக்கும் கல்வி, உடல்நலம், பராமரிப்புத் திட்டம் மட்டுமே. அதிலும், கல்வி உதவியைப் பொறுத்தவரை, எஃப் என்ற ஒரு பிரிவில் எழுதப்பட்டிருக்கும் வாசகங்களுக்குத்தான் அந்த வலு உண்டு. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்தப் பிரிவை நோக்கியே செல்கிறது என்றாலும், அங்கே போகாமலேயே பெரும்பாலான பிள்ளைகளுக்கு உதவி கிடைக்க வழியிருப்பதால், அதிலிருந்து தொடங்குவதே முறை.

இங்கே சொல்லப்படுபவை இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். ஸ்காட்லாந்தில் 2004ஆம் ஆண்டுச் சட்டமும், வேல்ஸில் 2018ஆம் ஆண்டுச் சட்டமும் நடைமுறையில் உள்ளன. வட அயர்லாந்துக்கும் தனி ஏற்பாடு உண்டு. இங்கிலாந்துக்கு அடிப்படை 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள் மற்றும் குடும்பங்கள் சட்டத்தின் மூன்றாம் பகுதியும், அதைத் தொடர்ந்து 2015 ஜனவரியில் வெளியான நடைமுறை விதிக்கோவையும் ஆகும்.

பணம் வரும் வழியை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

இதைப் படிக்கும்போது சலிப்பாக இருக்கலாம். ஆனாலும் பள்ளியோ, கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி மன்றமோ "நிதி இல்லை" என்று சொல்லும்போது எந்த நிதியைச் சொல்கிறார்கள் என்று திருப்பிக் கேட்கத் தெரிந்திருப்பது, அதற்குப் பிறகு நடக்கும் எல்லாக் கூட்டங்களின் போக்கையும் மாற்றிவிடும்.

பொதுப் பள்ளிக்கு வரும் பணம் மூன்று அடுக்குகளாகப் பேசப்படுகிறது. முதல் அடுக்கு, பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தலைக்கு இவ்வளவு என்று வருவது. சிறப்புத் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தொகை வரும். வகுப்பாசிரியரின் சம்பளம் முதல் கட்டடத்தின் மின்கட்டணம் வரை அதிலிருந்தே போகிறது. எத்தனை பிள்ளைகள் என்பதை அக்டோபர் மாதக் கணக்கெடுப்பு முடிவு செய்கிறது.

இரண்டாம் அடுக்குத்தான் பலரையும் குழப்புவது. நோஷனல் சென் பட்ஜெட் என்று அழைக்கப்படும் இது (சென் என்பது சிறப்புக் கல்வித் தேவை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்), பள்ளியின் மொத்தப் பணத்துக்குள்ளேயே "இந்தப் பங்கு சிறப்புத் தேவைகளுக்கு" என்று கவுன்சில் குறித்துக் காட்டும் ஒரு தொகை. தனிப் பெட்டியில் பூட்டி வைக்கப்பட்ட பணம் அன்று; இதைச் சிறப்புத் தேவைக்கே செலவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அந்தத் தொகை பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளை எண்ணி வருவதும் அன்று. மொத்த மாணவர் எண்ணிக்கை, இலவச மதிய உணவுக்குத் தகுதியுள்ளவர்கள், பிள்ளைகள் வசிக்கும் பகுதியின் வறுமை நிலை, முந்தைய கட்டத்தில் குறைந்த தேர்ச்சி பெற்றவர்கள் ஆகியவற்றை வைத்துக் கணக்கிடப்படும் மதிப்பீடு அது. வசதியான பகுதியில் இருந்துகொண்டு, நல்ல பெயர் எடுத்து, அதனாலேயே சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைப் பெருமளவில் ஈர்த்துவிட்ட ஒரு பள்ளிக்கு இந்தக் கணக்கு இழப்பாக முடியும் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அத்தகைய பள்ளிகளுக்குக் கூடுதல் தொகை ஒதுக்கும் கவுன்சில்களும் உண்டு.

இந்த இரண்டாம் அடுக்கிலிருந்து, ஒரு பிள்ளைக்குத் தேவைப்படும் கூடுதல் உதவிக்கு ஆண்டுக்கு 6,000 பவுண்டு வரை பள்ளியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் 6,000 பவுண்டு வந்திருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. செலவு அந்த அளவைத் தாண்டினால்தான் மூன்றாம் அடுக்கு திறக்கும் என்பதே பொருள். அந்த மூன்றாம் அடுக்கு கவுன்சிலின் கையில் உள்ளது. ஹை நீட்ஸ் பிளாக் எனப்படும் நிதியிலிருந்து, பிள்ளையின் பெயரைக் குறிப்பிட்டே, டாப்-அப் என்ற பெயரில் அது வருகிறது.

இதை மணிக்கணக்காக மாற்றிப் பார்த்தால் விளங்கும். சம்பளம், ஓய்வூதியப் பங்களிப்பு எல்லாம் சேர்த்து ஓர் உதவியாளருக்குப் பள்ளி மணிக்கு 16 பவுண்டு செலவிடுவதாக வைத்துக்கொள்வோம். கல்வியாண்டு 190 நாள், அதாவது 38 வாரம். வாரத்துக்கு ஒரு மணி நேர உதவி என்பது ஆண்டுக்கு 608 பவுண்டு ஆகிறது. அப்படியானால் 6,000 பவுண்டுக்குள் வாரத்துக்கு ஏறத்தாழ 10 மணி நேரம் அடங்கும். பிள்ளைக்கு வாரத்துக்கு 20 மணி நேரம் தேவை என்றால் மொத்தச் செலவு 12,160 பவுண்டு. அதில் 6,160 பவுண்டு கவுன்சிலிடமிருந்து வர வேண்டும். 16 பவுண்டு என்பது எடுத்துக்காட்டுக்காக மட்டுமே. உங்கள் பள்ளியின் கணக்கு வேறாக இருக்கும். ஆனால் வாரத்துக்கு நான்கைந்து மணி நேர உதவி கேட்கும் பெற்றோரிடம் "ஈஎச்சிபி இல்லாமல் எங்களால் எதுவும் செய்ய முடியாது" என்று ஒரு பள்ளி சொன்னால், அந்தப் பதில் சரியில்லை என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடும்.

முதல் படி: பிள்ளையின் தேவை பதிவாக வேண்டும்

ஒவ்வொரு பொதுப் பள்ளியிலும் சிறப்புத் தேவைகளுக்குப் பொறுப்பான ஆசிரியர் ஒருவர் இருந்தாக வேண்டும். சென்கோ என்று அழைக்கப்படும் அவர் தகுதி பெற்ற ஆசிரியராக இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் முதல் கடிதம் வகுப்பாசிரியருக்கும் இவருக்கும் சேர்த்தே போகட்டும். பள்ளி வாசலில் பிள்ளையை விடும்போது பேசிக்கொள்வது பதிவாகாது. இரண்டு வரி மின்னஞ்சல் பதிவாகும்.

பள்ளி ஏற்றுக்கொண்டால் பிள்ளை சென் சப்போர்ட் என்ற நிலையில் பதிவு செய்யப்படும். பள்ளிக் கணக்கெடுப்பில் கே என்ற எழுத்து அந்தப் பிள்ளையின் பெயருக்கு எதிரே வரும். ஈஎச்சிபி பெற்ற பிள்ளைக்கு ஈ என்ற எழுத்து. 2025 ஜனவரிக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்து மாணவர்களில் 14.2 விழுக்காட்டினர் முதல் வகையிலும், 5.3 விழுக்காட்டினர் இரண்டாம் வகையிலும் இருந்தனர். ஆக, உதவி பெறும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஈஎச்சிபி இல்லாதவர்களே.

மருத்துவர் தரும் நோயறிதல் சான்று இதற்குத் தேவையில்லை. ஆட்டிசம் பரிசோதனைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும் ஊரில், சான்று வரட்டும் என்று பள்ளி கைகட்டி நிற்க விதிக்கோவையில் இடமில்லை. பிள்ளைக்கு என்ன தேவை என்பதே கேள்வி. அதன் பெயர் என்ன என்பது அன்று.

தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் படியில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வீட்டு மொழி வேறாக இருப்பதாலேயே ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருப்பதாகக் கொள்ளக் கூடாது என்று 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் நடைமுறையில் அது தலைகீழாகத் திரும்பி, உண்மையிலேயே பேச்சுக் குறைபாடு உள்ள பிள்ளையின் பெற்றோரிடம் "வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள், அதனால்தான், போகப்போகச் சரியாகிவிடும்" என்று இரண்டு ஆண்டுகளைக் கழித்துவிடும் காரணமாகவும் ஆகிறது. தமிழிலும் அந்தப் பிள்ளை வயதுக்கேற்பப் பேசுவதில்லை என்றால், அதை எழுத்தில் சொல்லுங்கள். மூன்று சொல் சேர்த்து வாக்கியம் அமைப்பதில்லை, சொன்னதைக் கேட்டு இரண்டு வேலைகளை அடுத்தடுத்துச் செய்வதில்லை, அம்மம்மாவோடு தொலைபேசியில் பேசும்போதும் அதே நிலைதான் என்று எடுத்துக்காட்டுகளோடு எழுதுங்கள். இரண்டு மொழியிலும் தெரியும் குறைபாடு மொழி மாற்றத்தால் வந்ததன்று என்பதைப் பேச்சு சிகிச்சையாளர்கள் நன்றாக அறிவார்கள். இதற்காக வீட்டில் தமிழை நிறுத்த வேண்டியதில்லை.

இரண்டாம் படி: நான்கு கட்டச் சுழற்சியைக் காகிதத்தில் கொண்டுவாருங்கள்

சென் சப்போர்ட் நிலையில் பள்ளி செய்ய வேண்டியதை விதிக்கோவை நான்கு கட்டமாகப் பிரிக்கிறது: தேவையை மதிப்பிடுதல், திட்டமிடுதல், செய்தல், பலனைப் பார்த்து மறுபடி திட்டமிடுதல். பெற்றோரைப் பள்ளி ஆண்டுக்கு மூன்று முறையாவது சந்திக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

காகிதத்தில் இது எப்படி இருக்கும் என்று ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். இரண்டாம் ஆண்டில் படிக்கும் பிள்ளை ஒன்று, வகுப்பு முழுவதற்கும் சொல்லப்படும் கட்டளைகளைப் பின்பற்றுவதில்லை. எழுதும் வேலை தொடங்கியதும் மேசைக்கு அடியில் போய்விடுகிறது. பள்ளியின் தாளில் "டி.ஏ. உதவி வழங்கப்படும்" என்று எழுதியிருந்தால் அது திட்டமாகாது. "வகுப்பாசிரியர் கட்டளை சொன்ன உடனே உதவியாளர் அதைப் படத்தாளில் இரண்டு படிகளாகக் காட்டுவார், திங்கள், புதன், வெள்ளி காலை 20 நிமிடம், சிகிச்சையாளர் தந்த மொழிப் பயிற்சியை, அதற்குப் பயிற்சி பெற்ற உதவியாளர் மூன்று பிள்ளைகள் கொண்ட குழுவில் நடத்துவார், டிசம்பருக்குள் நினைவூட்டல் இல்லாமல் ஐந்தில் நான்கு முறை இரண்டு படிக் கட்டளையைப் பின்பற்ற வேண்டும்" என்று இருந்தால், டிசம்பர் கூட்டத்தில் கேட்க உங்களிடம் கேள்வி இருக்கும். அது நடந்ததா? நடந்தும் பலனில்லையா? பலனில்லை என்றால் அடுத்து என்ன கூட்டப் போகிறீர்கள்?

இப்படி மூன்று பருவங்களின் தாள்கள் சேர்ந்தால், பள்ளி என்ன செலவிட்டது, அது போதவில்லை என்பது எப்படித் தெரிந்தது என்ற சான்று தானாகவே உருவாகிவிடுகிறது. பின்னால் கவுன்சில் முதலில் கேட்பது இதைத்தான். பிள்ளையின் பெயரில் எந்தெந்த உதவி, வாரத்துக்கு எத்தனை நிமிடம், தனியாகவா குழுவிலா என்ற விவரம் அடங்கிய அட்டவணையைச் சென்கோக்கள் புரொவிஷன் மேப் என்பார்கள். அதில் உங்கள் பிள்ளைக்கு உரிய பகுதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பள்ளிக்குள் உதவியாளரின் நேரம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று கேளுங்கள்

உதவியாளர்களை நியமிப்பதும் அவர்களுக்கு அட்டவணை போடுவதும் தலைமையாசிரியரின் அதிகாரத்தில் உள்ளவை. பொதுவாகத் தொடக்கப் பள்ளியில் ஓர் உதவியாளர் காலையில் ஒரு வகுப்பில் எழுத்துக்கும் கணக்குக்கும் இருப்பார். பிற்பகலில் வேறு வேறு வகுப்புகளிலிருந்து பிள்ளைகளை அழைத்துக் குழுப் பயிற்சி நடத்துவார். மதிய உணவு நேரத்தில் மைதானத்தில் நிற்பார். மேல்நிலைப் பள்ளியில் பாட ஆசிரியர் மணிக்கு மணி மாறுவதால், உதவியாளர் பிள்ளையோடு வகுப்பு வகுப்பாகப் போவார் அல்லது ஒரே பாடத்துறையில் நிற்பார். ஒரு பிள்ளைக்கென்று எழுதப்படாத வரை, இந்த நேரத்தைப் பள்ளி தன் விருப்பப்படி மாற்றலாம். ஒருவர் விடுப்பில் போனால் இன்னொரு வகுப்பிலிருந்து ஆளை இழுக்கலாம்.

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகத்தின் கல்வி நிறுவனத்தில் பீட்டர் பிளாட்ச்ஃபோர்டின் தலைமையில் நடந்து 2009இல் நிறைவடைந்த பெரிய ஆய்வு, உதவியாளரிடமிருந்து மிகுதியாக உதவி பெற்ற பிள்ளைகள், அதே நிலையில் இருந்து குறைவாக உதவி பெற்ற பிள்ளைகளைவிட ஆங்கிலத்திலும் கணக்கிலும் அறிவியலிலும் குறைவாகவே முன்னேறினார்கள் என்று கண்டது. பிள்ளைகளின் தொடக்க நிலையையும் சிறப்புத் தேவையையும் கணக்கில் எடுத்த பிறகும் முடிவு மாறவில்லை. உதவியாளர்களின் குறை அன்று அது. பயிற்சியும் தயாரிப்பு நேரமும் தராமல், மிகக் கடினமான பிள்ளையை அவர்கள் பொறுப்பில் விட்டுவிட்டு ஆசிரியர் விலகிக்கொள்ளும் ஏற்பாட்டின் குறை. அருகில் அமர்ந்திருப்பவர் வேலையை முடிக்க வைப்பதிலேயே குறியாக இருந்தால், பதிலையும் அவரே சொல்லிவிடுவார். மறுபுறம், பயிற்சி பெற்ற உதவியாளர் திட்டமிட்ட பாடத்தைக் குறுகிய நேரம் ஒருவருக்கோ சிறு குழுவுக்கோ நடத்தும்போது நல்ல பலன் கிடைப்பதற்குச் சான்று இருக்கிறது.

எனவே "எத்தனை மணி நேரம்" என்ற கேள்விக்கு முன்னால் வேறு சில கேள்விகள் இருக்கின்றன. அந்த நேரத்தில் அவர் என்ன செய்வார்? அதற்கு யார் பயிற்சி தந்தார்கள்? வகுப்பாசிரியர் என் பிள்ளையோடு நேரடியாக வாரத்தில் எத்தனை முறை வேலை செய்கிறார்? உதவியாளரும் ஆசிரியரும் எப்போது பேசிக்கொள்கிறார்கள்? முழு நேர உதவியாளர் வேண்டும் என்று போராடிப் பெற்று, ஓராண்டுக்குப் பின் பிள்ளை அவர் இல்லாமல் பென்சிலையே எடுப்பதில்லை என்று வருந்தும் குடும்பங்கள் உண்டு. பிள்ளையின் பாதுகாப்புக்காக எப்போதும் ஒருவர் உடனிருக்க வேண்டிய நிலை வேறு. வலிப்பு வருவது, திடீரென்று வெளியே ஓடுவது, உணவு தொண்டையில் சிக்கும் ஆபத்து போன்றவற்றுக்கு மணிக்கணக்கில் பேரமே இருக்கக் கூடாது.

நான்காம் படி: ஈஎச்சிபி இல்லாமலே டாப்-அப் உண்டா என்று விசாரியுங்கள்

ஈஎச்சிபி இல்லாத பிள்ளைக்கும் ஹை நீட்ஸ் நிதியிலிருந்து பணம் தர விதிகள் இடம் தருகின்றன. சில கவுன்சில்கள் இதற்கென்று விண்ணப்ப முறை வைத்திருக்கின்றன. பல கவுன்சில்கள் வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு கவுன்சிலும் லோக்கல் ஆஃபர் என்ற பெயரில் வெளியிட வேண்டிய இணையப் பக்கத்தில் இதைப் பார்க்கலாம். விண்ணப்பிப்பது பள்ளி; நீங்கள் அன்று. விரைவாகக் கிடைக்கும் என்பது இதன் நன்மை. அடுத்த ஆண்டு நிறுத்தினால் முறையிட உரிமை இல்லை என்பது இதன் தீமை.

ஐந்தாம் படி: மதிப்பீடு கோருங்கள்

ஈஎச்சிபிக்கான மதிப்பீட்டைப் பள்ளி கோரலாம். பெற்றோரும் நேரடியாகக் கோரலாம். பள்ளியின் சம்மதம் தேவையில்லை. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36ஆம் பிரிவின்கீழ் கோருகிறேன் என்று கவுன்சிலுக்கு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ போதும். அது போய்ச் சேர்ந்த நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஆறு வாரத்துக்குள் மதிப்பிடுவதா இல்லையா என்று கவுன்சில் சொல்ல வேண்டும். மதிப்பிட்ட பின் திட்டம் தரப்போவதில்லை என்றால் 16 வாரத்துக்குள் அறிவிக்க வேண்டும். தருவதாக இருந்தால், இறுதித் திட்டம் 20 வாரத்துக்குள் உங்கள் கையில் இருக்க வேண்டும். இந்தக் காலக்கெடுக்களை மீறும் கவுன்சில்கள் ஏராளம் என்பது நாடறிந்த செய்தி; மீறிய மறுநாளே எழுத்தில் நினைவூட்டுவது நல்லது.

சட்டம் கேட்கும் தகுதி மிகத் தாழ்வான படிதான். பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் தேவை உண்டு அல்லது இருக்கக்கூடும்; ஒரு திட்டத்தின் மூலம் உதவி தர வேண்டிய அவசியம் ஏற்படக்கூடும். இந்த இரண்டு "கூடும்"களுக்கு மேல் அதில் எதுவும் இல்லை. பள்ளி 6,000 பவுண்டைச் செலவிட்டு முடித்திருக்க வேண்டும், இரண்டு சுழற்சிகள் கடந்திருக்க வேண்டும், கல்வி உளவியலாளர் ஏற்கெனவே பார்த்திருக்க வேண்டும், பிள்ளை பாடத்தில் இரண்டு ஆண்டு பின்தங்கியிருக்க வேண்டும் என்றெல்லாம் கவுன்சில் கடிதத்தில் வருபவை அந்தந்தக் கவுன்சிலின் கொள்கைகள். சட்டத்தின் நிபந்தனைகள் அல்ல. இரண்டாம் படியில் சேர்த்த தாள்கள் கையில் இருந்தால் வழக்கு வலுவாகும் என்பது உண்மை. இல்லை என்பதற்காகக் கோரிக்கையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

மதிப்பீடு தொடங்கினால் பெற்றோர், பள்ளி, கல்வி உளவியலாளர், உடல்நலத் துறை, சமூகப் பராமரிப்புத் துறை ஆகியோரிடம் கவுன்சில் அறிக்கை கேட்கும். பேச்சு சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர் போன்றோரின் அறிக்கையும் வேண்டும் என்று நீங்கள் நியாயமாகக் கேட்டால் அதையும் பெற வேண்டும். உளவியலாளர் வரும்போது பிள்ளைக்குத் தமிழும் தெரியும் என்பதை முன்கூட்டியே சொல்லி, தேவையானால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். ஆங்கிலச் சொற்களை மட்டும் வைத்துச் செய்த சோதனையின் மதிப்பெண், இருமொழிப் பிள்ளையைப் பற்றி முழுமையாகச் சொல்லாது. எல்லா அறிக்கையாளர்களிடமும் ஒரே வேண்டுகோளை வையுங்கள்: என்ன உதவி, யார், எவ்வளவு நேரம், எத்தனை முறை என்பதை அறிக்கையிலேயே எழுதுங்கள். அறிக்கையில் இல்லாத எண்ணைத் திட்டத்தில் கொண்டுவருவது மிகக் கடினம்.

ஆறாம் படி: வரைவு வந்ததும் எஃப் பிரிவை வரி வரியாகப் படியுங்கள்

வரைவுத் திட்டம் வந்தபின் கருத்துச் சொல்லவும் பள்ளியைத் தேர்ந்து சொல்லவும் குறைந்தது 15 நாள் அவகாசம் உண்டு. ஏ முதல் கே வரையுள்ள பிரிவுகளில், பி பிரிவு பிள்ளையின் தேவைகளையும், எஃப் பிரிவு அவற்றுக்கான கல்வி உதவியையும், ஐ பிரிவு பள்ளியையும் சொல்கின்றன. பி பிரிவில் உள்ள ஒவ்வொரு தேவைக்கும் எஃப் பிரிவில் ஒரு பதில் இருக்க வேண்டும். ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் தேவை, வலப்பக்கம் உதவி என்று எழுதிப் பாருங்கள். வலப்பக்கம் காலியாக இருக்கும் இடங்கள் உடனே கண்ணில் படும்.

உதவி விவரமாகவும் குறிப்பாகவும், பொதுவாக அளவு சொல்லியும் எழுதப்பட வேண்டும் என்று விதிக்கோவை கேட்கிறது. ஆனால் வரைவுகளில் வரும் மொழி வேறு விதமாக இருக்கும். "பெரியவர் ஒருவரின் உதவி பெற வாய்ப்பிருக்கும்", "தேவைப்படும்போது டி.ஏ. உதவுவார்", "சிறு குழுவில் வேலை செய்வது பயனளிக்கும்", "சிகிச்சையாளரின் அறிவுரை முறையாகப் பெறப்படும்", "வாரத்துக்கு 20 மணி நேரம் வரை". இவற்றில் ஒன்றையும் எவரும் மீறியதாக நிறுவ முடியாது, ஏனென்றால் இவை எதையும் உறுதி செய்யவில்லை. 20 மணி நேரம் "வரை" என்பது இரண்டு மணி நேரத்திலும் நிறைவேறிவிடும்.

மாற்றி எழுதித் தருவது உங்கள் வேலை. "ஆட்டிசம் பற்றிய பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவர், பாட நேரத்தில் வாரத்துக்கு 15 மணி நேரம் பிள்ளைக்குத் தனியாக உதவுவார், இதைத் தவிர, ஒவ்வொரு இடைவேளையிலும் மதிய உணவு நேரத்திலும் பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருந்து சக பிள்ளைகளோடு விளையாட வழிநடத்துவார். பேச்சு சிகிச்சையாளர் ஒவ்வொரு பருவத்திலும் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 45 நிமிடம், பிள்ளையை நேரில் பார்ப்பார். மேலும் பருவத்துக்கு ஒரு மணி நேரம் உதவியாளருக்குப் பயிற்சி தருவார். வகுப்பாசிரியரும் உதவியாளரும் வாரந்தோறும் 30 நிமிடம் சேர்ந்து திட்டமிடுவார்கள்." இந்த வாசகத்தில் யார், என்ன, எவ்வளவு, என்ன பயிற்சி என்ற நான்கும் இருக்கின்றன. இடைவேளையும் மதிய உணவு நேரமும் தனியாகச் சொல்லப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்; பிள்ளைகளுக்குப் பெரும்பாலான சண்டைகளும் தனிமையும் நேர்வது அங்கேதான், திட்டங்கள் பெரும்பாலும் மறந்துவிடுவதும் அதைத்தான்.

சில கவுன்சில்கள் மணி நேரத்தை எழுதாமல் "பேண்ட் 3" என்பதுபோலப் பண நிலையை மட்டும் குறிப்பிட விரும்பும். அது கவுன்சிலுக்கும் பள்ளிக்கும் இடையிலான கணக்கு. பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்பதை அது சொல்வதில்லை. பேச்சு சிகிச்சையை எஃப் பிரிவில் எழுதாமல் உடல்நலத்துக்கான ஜி பிரிவில் தள்ளியிருந்தால் அதையும் மறுத்து எழுதுங்கள். தொடர்பாடல் கல்விக்கு அடிப்படை என்பதால், மறுக்க மிக வலுவான காரணம் இல்லாத வரை, பேச்சு சிகிச்சை எஃப் பிரிவில்தான் வர வேண்டும் என்று விதிக்கோவையே சொல்கிறது.

ஏழாம் படி: எழுதியது நடக்கிறதா என்று பாருங்கள்

இறுதித் திட்டம் வெளியான நாளிலிருந்து, எஃப் பிரிவில் உள்ளதைக் கிடைக்கச் செய்யும் கடமை அதே சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி கவுன்சிலுடையது. பள்ளிக்குப் பணம் போதவில்லை, ஆள் கிடைக்கவில்லை, உதவியாளர் மகப்பேறு விடுப்பில் போய்விட்டார் என்பவை அந்தக் கடமையைக் குறைப்பதில்லை. அதே வேளையில், உதவியாளர் பள்ளியின் ஊழியர். குறிப்பிட்ட ஒருவரே தொடர வேண்டும் என்று பெற்றோர் வலியுறுத்த முடியாது. பயிற்சியும் நேரமும் எழுதியபடி இருக்கின்றனவா என்பதே கேட்கத்தக்கது.

உதவி நின்றுபோனால் முதலில் சென்கோவிடம் தேதி வாரியாகக் கேளுங்கள். சில நாளில் சரியாகவில்லை என்றால், கவுன்சிலின் சிறப்புத் தேவைப் பிரிவுத் தலைவருக்கு 42ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பள்ளியோடு பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பல தலைமையாசிரியர்களுக்கு இப்படி ஒரு கடிதம் போவது உள்ளூர மகிழ்ச்சியாகவே இருக்கும், ஏனெனில் பணம் கேட்டு அவர்கள் எழுதிய கடிதங்களுக்குக் கிடைக்காத பதில் பெற்றோரின் கடிதத்துக்குக் கிடைக்கிறது. அதற்கும் பதில் இல்லையென்றால் கவுன்சிலின் முறைப்பாட்டு வழியும், அதன்பின் கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் உள்ளாட்சி ஆம்பட்ஸ்மனும் இருக்கின்றன, கட்டணம் இல்லை. அவசரமான நிலையில் வழக்கறிஞர் மூலம், கவுன்சில் சட்டப்படி நடந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும் நீதித்துறை மறுஆய்வுக்கும் போகலாம்.

திட்டத்தை 12 மாதத்துக்கு ஒருமுறையாவது மறுபார்வையிட வேண்டும். கூட்டம் முடிந்து நான்கு வாரத்துக்குள் திட்டத்தைத் தொடர்வதா, திருத்துவதா, நிறுத்துவதா என்று கவுன்சில் சொல்ல வேண்டும். திருத்துவதானால் கூட்டத்திலிருந்து 12 வாரத்துக்குள் புதிய திட்டம் வர வேண்டும். மணி நேரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நடக்கும் இடம் இதுவே என்பதால், "நன்றாக முன்னேறுகிறான்" என்ற ஒற்றை வரி அறிக்கைக்கு உடனே தலையாட்டிவிடாதீர்கள். உதவி இருப்பதால் முன்னேறுகிறானா, உதவி இல்லாமலும் முன்னேறுவானா என்று கேட்டுப் பதிலைக் குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். மேல்நிலைப் பள்ளிக்கு மாறும் ஆண்டில், பள்ளியின் பெயரோடு திருத்திய திட்டம் பிப்ரவரி 15ஆம் தேதிக்குள் வெளியாக வேண்டும். ஆகவே அந்த மறுபார்வையை முந்தைய ஆண்டின் கோடைப் பருவத்திலோ இலையுதிர் பருவத் தொடக்கத்திலோ வைத்துக்கொள்ளுங்கள்.

மறுத்துவிட்டால்

மதிப்பிட மறுத்தல், திட்டம் தர மறுத்தல், திட்டத்தின் பி, எஃப், ஐ பிரிவுகளில் உடன்பாடின்மை, மறுபார்வைக்குப் பின் திருத்த மறுத்தல், திட்டத்தை நிறுத்துதல் ஆகியவற்றை எதிர்த்துச் சிறப்புத் தேவைகளுக்கான தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து இரண்டு மாதம், அல்லது சமரச ஆலோசகர் தரும் சான்றிதழின் தேதியிலிருந்து ஒரு மாதம், இவற்றில் எது பின்னால் வருகிறதோ அதுவே கெடு. பள்ளியின் பெயரை மட்டும் எதிர்ப்பதானால் சான்றிதழ் தேவையில்லை. மற்றவற்றுக்குச் சமரச ஆலோசகரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினாலே போதும், சமரசத்தில் கலந்துகொண்டே தீர வேண்டும் என்பதில்லை. கட்டணமும் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. மதிப்பிட மறுத்த முடிவுகளை எதிர்த்துப் போகும் பெற்றோர் மிகப் பெரும்பாலும் வெல்கிறார்கள். முதல் மறுப்புக் கடிதத்தோடு நின்றுவிடுகிறவர்களைப் பார்க்கும்போதுதான் மனம் கனக்கிறது.

சிறப்பு அலகும் சிறப்புப் பள்ளியும்

பொதுப் பள்ளிக்குள் இயங்கும் சிறப்பு அலகுகளுக்கும் சிறப்புப் பள்ளிகளுக்கும் பணம் வேறு வழியில் வருகிறது. சிறப்புப் பள்ளியில் ஓர் இடத்துக்கு ஆண்டுக்கு 10,000 பவுண்டு என்ற அடிப்படைத் தொகையும், அதன்மேல் பிள்ளைக்குப் பிள்ளை மாறும் டாப்-அப்பும் சேர்கின்றன. அங்கே சிறு வகுப்பும் பல உதவியாளர்களும் ஏற்பாட்டிலேயே அடங்கியிருப்பதால், தனி உதவியாளர் கேட்பது அரிதாகவே அமையும். ஆனாலும் பள்ளியின் வழக்கமான ஏற்பாடு எதுவோ, அதில் உங்கள் பிள்ளை சார்ந்திருக்கும் பகுதியைத் திட்டத்தில் எழுதிப் பெறுவது நல்லது. பள்ளி மாறும் நாளில் அதுவே கூட வரும்.

கூட்டங்களுக்குப் போகுமுன்

ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் செண்டயாஸ் என்ற இலவச, நடுநிலையான ஆலோசனைச் சேவை உண்டு. உங்களோடு கூட்டத்துக்கு வரும்படி அவர்களைக் கேட்கலாம். சட்ட நுணுக்கங்களுக்கு இப்சியா என்ற அறக்கட்டளை தரும் மாதிரிக் கடிதங்கள் பெரிதும் உதவும். ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் இருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கூட்ட அழைப்புக்குப் பதிலளிக்கும்போதே கேளுங்கள். அந்தப் பணியைப் பெரிய பிள்ளையிடம் ஒப்படைக்காதீர்கள், தம்பியைப் பற்றி அக்காள் மொழிபெயர்க்கத் தயங்கும் செய்திகள் அங்கே பேசப்படும். கூட்டம் முடிந்த அன்று மாலையே, "இன்று நாம் பேசி முடிவு செய்தவை என நான் புரிந்துகொண்டவை" என்று தொடங்கி, யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வதாகச் சொன்னார்கள் என்பதைச் சென்கோவுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். பள்ளி உங்கள் பிள்ளையைப் பற்றி வைத்திருக்கும் பதிவுகள் அனைத்தையும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேட்டால், பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். தீர்ப்பாயத்துக்குப் போகும் எண்ணம் தோன்றிய அன்றே அந்தக் கடிதத்தை அனுப்பிவிடுவது நல்லது.